ஒரே லேப்டாப், ரெண்டு ஓ.எஸ்... ஒண்ணுல வைரஸ் வந்தா இன்னொண்ணு தப்பிக்குமா?

2025 அக்டோபர் 14-ம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்பு அப்டேட்களை மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. உங்கள் வீட்டு லேப்டாப் நன்றாகத்தான் ஓடுகிறது. ஆனால், விண்டோஸ் 11 போடலாம் என்றால் 'டி.பி.எம் 2.0 இல்லை', 'இந்த ப்ராசஸர் செல்லாது' என்று திரும்ப அனுப்புகிறது. புதுசு வாங்கவும் மனசு வரவில்லை. அப்போதுதான் விஷயம் தெரிந்த நண்பர் ஒருவர் அந்த யோசனையைச் சொல்வார். "விண்டோஸ் பாட்டுக்கு இருக்கட்டும். பக்கத்துலயே லினக்ஸையும் போட்டுக்கோங்க. லினக்ஸ்ல வைரஸே வராது!"

இதில் முதல் பாதி நல்ல யோசனை. இரண்டாவது பாதியை நம்பித்தான் பலரும் தேவையில்லாத சிக்கலை இழுத்துக்கொள்கிறார்கள்.

ஒரே கம்ப்யூட்டரில் இரண்டு ஓ.எஸ் வைத்துக்கொள்வது நமக்குப் புதிதல்ல. 2011-ல் தொடங்கி தமிழ்நாடு அரசு மாணவர்களுக்குக் கொடுத்த விலையில்லா லேப்டாப்கள் பலவற்றில் விண்டோஸோடு, சி-டாக் உருவாக்கிய 'பாஸ்' லினக்ஸும் இருந்தது. ஆன் செய்ததும் 'எது வேண்டும்?' என்று கேட்கும் அந்தத் திரையைப் பார்த்து வளர்ந்தவர்கள் இன்றைக்கு வேலைக்குப் போய்விட்டார்கள். இப்போது விண்டோஸ் 10-ன் முடிவால் இன்னொரு பெரிய கூட்டம் டூயல் பூட் பக்கம் வருகிறது. எனவே, இதன் பாதுகாப்பைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகப் பேசிவிடுவோம்.

'லினக்ஸ்ல வைரஸ் வராது' - எவ்வளவு உண்மை?

விண்டோஸுக்காக எழுதப்பட்ட ஒரு எக்ஸ்இ ஃபைல் லினக்ஸில் நேரடியாக ஓடாது. லினக்ஸுக்காக எழுதப்பட்டது விண்டோஸில் ஓடாது. ஆகவே, பென் டிரைவில் வரும் சாதாரண வைரஸ் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்குத் தாவாது. இதுவரை சரி.

ஆனால், இரண்டு ஓ.எஸ்ஸும் இரண்டு தனித்தனி கம்ப்யூட்டர்கள் அல்ல. ஒண்டுக்குடித்தன வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். ஆளுக்கொரு போர்ஷன், ஆளுக்கொரு சமையலறை. ஆனால் தெருக்கதவு ஒன்றுதான், முற்றமும் ஒன்றுதான். டூயல் பூட்டில் அந்தத் தெருக்கதவுதான் கம்ப்யூட்டர் ஆன் ஆகும் இடம். முற்றம் என்பது இரண்டுக்கும் பொதுவான ஹார்டு டிஸ்க்.

இன்னொரு விஷயம் இதைவிட முக்கியம். ஒரு சமயத்தில் ஒரு ஓ.எஸ்தான் விழித்திருக்கும். நீங்கள் லினக்ஸில் இருக்கும்போது விண்டோஸின் டிஃபெண்டர் ஓடாது. விண்டோஸில் இருக்கும்போது லினக்ஸின் பாஸ்வேர்டு, பர்மிஷன் எதுவும் வேலை செய்யாது. தூங்குகிற ஓ.எஸ்ஸின் பார்ட்டிஷன் என்பது டிஸ்க்கில் கிடக்கும் வெறும் டேட்டா. அதைக் காப்பாற்ற அங்கே யாரும் இல்லை, நீங்கள் என்கிரிப்ட் செய்து பூட்டியிருந்தாலொழிய.

லினக்ஸிலிருந்து விண்டோஸின் சி டிரைவைத் திறந்து பார்த்திருக்கிறீர்களா? பிட்லாக்கர் போடாத டிஸ்க் என்றால் விண்டோஸ் பாஸ்வேர்டைக் கேட்காமலேயே உங்கள் போட்டோ, டாக்குமென்ட் எல்லாம் கண்முன் வந்து நிற்கும். உங்களால் முடிவது, அட்மின் உரிமையோடு உள்ளே நுழைந்த ஒரு மால்வேராலும் முடியும். எதிர்த்திசையில், விண்டோஸின் எக்ஸ்ப்ளோரரில் லினக்ஸ் பார்ட்டிஷன் கண்ணுக்குத் தெரியாது. அதனால் 'பத்திரம்' என்று நினைத்துவிடக் கூடாது. அட்மின் உரிமை கிடைத்த மால்வேருக்கு அதற்குள் இருக்கும் ஃபைலைப் படிக்க வேண்டிய அவசியமே இல்லை. டிஸ்க்கில் அந்தப் பகுதி முழுவதையும் அழித்துவிட்டுப் போய்விடலாம்.

2016-ல் வந்த 'பெட்யா' ரான்சம்வேர் ஞாபகமிருக்கிறதா? அது ஃபைல்களை ஒவ்வொன்றாகத் தேடிக்கொண்டிருக்கவில்லை. கம்ப்யூட்டர் ஆன் ஆகும்போது முதலில் படிக்கப்படும் பூட் ரெக்கார்டையே மாற்றி எழுதியது. பிறகு, எந்த ஃபைல் எங்கே இருக்கிறது என்று விண்டோஸ் குறித்துவைத்திருக்கும் அட்டவணையைப் பூட்டியது. 2017 ஜூன் 27-ல் உக்ரைனில் தொடங்கிய 'நாட்பெட்யா' அதே பாணிதான். அப்போது உலகின் மிகப்பெரிய கன்டெய்னர் கப்பல் நிறுவனமாக இருந்த மெர்ஸ்க்கே ஸ்தம்பித்து நின்றது. பழைய முறை டிஸ்க்கில் டூயல் பூட் வைத்திருப்பவருக்கு இப்படி ஒன்று நடந்தால் என்ன ஆகும்? லினக்ஸ் ஃபைல்களை யாரும் தொட்டிருக்க மாட்டார்கள். ஆனாலும் அந்த லினக்ஸுக்குள் போகும் வழி அடைபட்டிருக்கும்.

யாரும் கவனிக்காத அந்தக் குட்டி பார்ட்டிஷன்

இப்போதைய கம்ப்யூட்டர்களில் 'இ.எஃப்.ஐ பார்ட்டிஷன்' என்று ஒன்று உண்டு. பெரும்பாலும் 100 எம்.பி-யிலிருந்து சில நூறு எம்.பி வரைதான் இருக்கும். விண்டோஸைக் கிளப்பும் ஃபைலும், லினக்ஸைக் கிளப்பும் ஃபைலும் இங்கேதான் பக்கத்துப் பக்கத்து ஃபோல்டரில் உட்கார்ந்திருக்கும். இது ஃபேட்32 முறையில் இருப்பதால், 'இந்த ஃபைலை இன்னார் மட்டுமே தொடலாம்' என்று பர்மிஷன் வைக்கும் வசதியே இதில் கிடையாது. ஒரு ஓ.எஸ்ஸில் அட்மின் ஆகிவிட்டால் அடுத்த ஓ.எஸ்ஸின் தெருக்கதவையும் மாற்றிவிடலாம்.

இது கற்பனை அல்ல. 2023 மார்ச்சில் ஈசெட் நிறுவனம் 'பிளாக்லோட்டஸ்' என்கிற மால்வேரைப் பற்றி விரிவான அறிக்கை வெளியிட்டது. ஹேக்கர் சந்தையில் 5,000 டாலருக்கு விற்கப்பட்ட சரக்கு அது. எல்லா அப்டேட்டும் செய்யப்பட்ட விண்டோஸ் 11-ல்கூட செக்யூர் பூட் என்ற பாதுகாப்பைத் தாண்டி, விண்டோஸ் எழுந்திருக்கும் முன்பே தான் எழுந்துகொள்ளும். அதன்பின் பிட்லாக்கரையும் டிஃபெண்டரையும் செயலிழக்க வைக்கும். உள்ளே இருக்கும் ஆன்டிவைரஸ் எழும்போது திருடன் ஏற்கெனவே வீட்டுக்காரன் ஆகியிருப்பான்.

"அது விண்டோஸுக்குத்தானே?" என்றால், 2024 நவம்பரில் 'பூட்கிட்டி' வந்தது. லினக்ஸைக் குறிவைத்த முதல் யு.இ.எஃப்.ஐ பூட்கிட். உபுண்டுவின் சில வெர்ஷன்களில் மட்டும் வேலை செய்த இது, கொரியாவில் பாதுகாப்புப் பயிற்சி பெற்ற மாணவர்கள் செய்துபார்த்த மாதிரி என்று பின்னர் தெரியவந்தது. யாரையும் தாக்கவில்லை. ஆனால், 'லினக்ஸில் இது நடக்காது' என்ற நம்பிக்கையை அது உடைத்துவிட்டது. 2025 செப்டம்பரில் அதே ஈசெட், 'ஹைப்ரிட்பெட்யா' என்ற இன்னொன்றைப் பற்றிச் சொன்னது. பெயரிலேயே தெரியும், பழைய பெட்யாவின் வேலையை இ.எஃப்.ஐ பார்ட்டிஷனிலிருந்து செய்வது. இதையும் நிஜமான தாக்குதலில் பார்த்ததாகத் தகவல் இல்லை.

எனவே பயப்படத் தேவையில்லை, ஆனால் திசை புரிகிறது. தாக்குபவர்கள் ஓ.எஸ்ஸுக்குக் கீழே இறங்கிக்கொண்டிருக்கிறார்கள். அங்கே விண்டோஸ்காரர், லினக்ஸ்காரர் என்ற பேதமெல்லாம் கிடையாது.

யூடியூப் வீடியோவின் முதல் அட்வைஸ்

டூயல் பூட் செய்வது எப்படி என்று தேடுங்கள். பல வீடியோக்கள் இப்படித்தான் தொடங்கும். "முதல்ல பயாஸுக்குப் போய் செக்யூர் பூட்டை ஆஃப் பண்ணிடுங்க. பிட்லாக்கரையும் ஆஃப் பண்ணிடுங்க." வேலை முடிந்ததும் 'இப்போ திரும்ப ஆன் பண்ணுங்க' என்று யாரும் சொல்வதில்லை. நாமும் பண்ணுவதில்லை.

கவனியுங்கள். ரெண்டு ஓ.எஸ் வைத்திருப்பதைவிட, அதற்காக நாம் கழற்றி வைத்த பூட்டுகள்தான் பெரிய ஆபத்து. செக்யூர் பூட் என்பது, கம்ப்யூட்டரைக் கிளப்பும் ஃபைலில் நம்பகமான கையெழுத்து இருக்கிறதா என்று பார்க்கும் காவலாளி. உபுண்டு, ஃபெடோரா, லினக்ஸ் மின்ட் போன்றவற்றை செக்யூர் பூட் ஆனில் இருக்கும்போதே இன்ஸ்டால் செய்யலாம். என்விடியா கிராஃபிக்ஸ் டிரைவர் மாதிரி சிலவற்றுக்கு மட்டும் ஒரு பாஸ்வேர்டு கொடுத்து, ரீஸ்டார்ட் ஆகும்போது நீலத் திரையில் அதை உறுதிசெய்ய வேண்டியிருக்கும். ஐந்து நிமிட வேலை. அதற்குச் சோம்பல்பட்டு காவலாளியையே வேலையைவிட்டு அனுப்பிவிடுகிறோம்.

இந்தக் காவலாளிமீது மக்களுக்குக் கோபம் வந்ததற்கு நியாயமான காரணமும் உண்டு. 2024 ஆகஸ்டில் வந்த ஒரு விண்டோஸ் அப்டேட், பாதுகாப்பு ஓட்டையுள்ள பழைய லினக்ஸ் பூட்லோடர்களைத் தடுக்கிறேன் என்று வந்து, டூயல் பூட் வைத்திருந்த பலரின் லினக்ஸை எழவே விடாமல் செய்துவிட்டது. 'ஏதோ பெரிய தவறு நடந்துவிட்டது' என்கிற மாதிரி ஒரு வரி திரையில் வர, பலர் வைரஸ் என்றே பயந்துபோனார்கள். டூயல் பூட் கம்ப்யூட்டர்களுக்கு இந்த மாற்றம் போகாது என்றுதான் மைக்ரோசாஃப்ட் சொல்லியிருந்தது. நடந்தது வேறு. அப்போது செக்யூர் பூட்டை ஆஃப் செய்துதான் பலர் தப்பித்தார்கள். முழுமையான தீர்வு வர 2025 மே வரை ஆனது. ஆனால், அன்றைக்கு ஆஃப் செய்ததை இன்னும் ஆன் செய்யாதவர் நீங்கள் என்றால், இன்றைக்கே செய்துவிடுங்கள்.

இன்னொன்றும் வரிசையில் நிற்கிறது. செக்யூர் பூட்டுக்கு அடிப்படையான, 2011-ல் வெளியிடப்பட்ட மைக்ரோசாஃப்ட் சான்றிதழ்கள் 2026 ஜூனில் தொடங்கிக் காலாவதியாகின்றன. லினக்ஸின் பூட் ஃபைல்களுக்குக் கையெழுத்து போடும் சான்றிதழும் அதில் ஒன்று. இதனால் உங்கள் கம்ப்யூட்டர் ஒருநாள் காலையில் ஆன் ஆகாமல் போய்விடாது. ஆனால், புதுச் சான்றிதழ் வராத கம்ப்யூட்டருக்கு இனிமேல் பூட் பகுதிக்கான பாதுகாப்புத் திருத்தங்கள் முழுமையாக வராது. விண்டோஸ் அப்டேட் வழியாகவும், லேப்டாப் கம்பெனி தரும் பயாஸ் அப்டேட் வழியாகவும்தான் புதுசு வரும். அப்டேட் நின்றுபோன விண்டோஸ் 10-ஐ அப்படியே விட்டுவைத்தால் இதுவும் கிடைக்காது.

'ஆறு மாசத்துக்கு ஒரு தடவைதான் விண்டோஸ் பக்கம் போவேன்!'

டூயல் பூட் வீடுகளில் அடிக்கடி கேட்கும் வசனம் இது. டேலி, வருமான வரிக்கான டிஜிட்டல் சிக்னேச்சர் டோக்கன், ஆபீஸ் பிரின்ட்டர் என்று ஏதோ ஒன்றுக்காக மட்டும் விண்டோஸ் காத்திருக்கும். மாதக்கணக்கில் அப்டேட் ஆகாமல் கிடக்கும் அதை, ஒரு அவசர நாளில் ஆன் செய்து, நேராக பிரவுசரைத் திறந்து, நேராக நெட் பேங்கிங் போவோம். பழைய பிரவுசர், பழைய ஆன்டிவைரஸ், பணம் இருக்கும் அக்கவுன்ட். இதைவிட ஆபத்தான சேர்க்கை கிடையாது.

லினக்ஸுக்கும் இதே கதைதான். 'அதுல வைரஸ் வராது' என்று வருடக்கணக்கில் அப்டேட் செய்யாமல் விட்டவர்கள் எத்தனையோ பேர். 'வைன்' மூலம் எக்ஸ்இ ஃபைல்களை லினக்ஸில் ஓட்டுபவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். வைன் என்பது தனி அறை அல்ல. சாதாரணமாக அது உங்கள் ஃபைல்கள் எல்லாவற்றையும் இசட் டிரைவ் என்று அந்த எக்ஸ்இ-க்குக் காட்டும். அதில் ஓடும் ரான்சம்வேர், உங்கள் ஹோம் ஃபோல்டரையும் பூட்டக்கூடும்.

இரண்டுக்கும் பொதுவாக ஒரு 'டி டிரைவ்' வைத்து, குடும்ப போட்டோ, பிள்ளைகளின் சர்ட்டிஃபிகேட் எல்லாம் அதில் போட்டு வைத்திருக்கிறீர்களா? அப்படியானால் எந்த ஓ.எஸ்ஸில் ரான்சம்வேர் வந்தாலும் அந்த டிரைவ் போச்சு. மால்வேர் ஓ.எஸ் தாண்டித் தாவ வேண்டிய அவசியமே இல்லை. நாமே பாலம் கட்டிக் கொடுத்திருக்கிறோம்.

விர்ச்சுவல் மெஷின் பாதுகாப்பானதா?

டூயல் பூட்டுக்குப் பதிலாக, விண்டோஸுக்குள்ளேயே விர்ச்சுவல்பாக்ஸ் போட்டு லினக்ஸை ஓட்டலாம். எதிர்மாறாகவும் செய்யலாம். பூட் பகுதியையும் டிஸ்க்கையும் பகிர வேண்டியதில்லை என்பதால் பொதுவாக இது பாதுகாப்பானதுதான். இங்கே ஓட்டை 'ஷேர்டு ஃபோல்டர்' என்ற வசதியில் இருக்கிறது.

2020 மே மாதம் சோஃபோஸ் நிறுவனம் வெளியிட்ட ஒரு தகவல் ஆச்சர்யமானது. 'ராக்னர் லாக்கர்' கும்பல், தாக்கவேண்டிய கம்ப்யூட்டரில் விர்ச்சுவல்பாக்ஸைத் தானே இன்ஸ்டால் செய்து, அதற்குள் ஒரு பழைய விண்டோஸ் எக்ஸ்.பி-யை ஓட்டியது. ரான்சம்வேரின் அளவு வெறும் 49 கே.பி. அதை ஒளித்துவைக்க 282 எம்.பி-க்கு ஒரு விர்ச்சுவல் டிஸ்க்! வெளியே இருந்த ஆன்டிவைரஸுக்கு உள்ளே நடப்பது தெரியாது. டிரைவ்கள் அனைத்தும் ஷேர்டு ஃபோல்டராகக் கொடுக்கப்பட்டிருந்ததால், உள்ளே இருந்துகொண்டே வெளியே இருந்த ஃபைல்களை ரான்சம்வேர் பூட்டியது. 2024 நவம்பரில் செக்யூரோனிக்ஸ் நிறுவனம் இதே தந்திரத்தின் இன்னொரு வடிவத்தைக் கண்டுபிடித்தது. இமெயிலில் வந்த 'சர்வே' ஃபைலைத் திறந்தால், விண்டோஸுக்குள் சத்தமில்லாமல் ஒரு குட்டி லினக்ஸ் ஓட ஆரம்பிக்கும். அந்த ஜிப் ஃபைலின் அளவு 285 எம்.பி.

ஆக, ஒரே கம்ப்யூட்டரில் ரெண்டு ஓ.எஸ் என்பது நம்முடைய வசதி மட்டுமல்ல, திருடர்களின் ஒளிவிடமும்கூட. விர்ச்சுவல் மெஷின் மென்பொருளிலும் ஓட்டைகள் வரும். 2025 மார்ச்சில் வி.எம்.வேரில் மூன்று ஓட்டைகள் அடைக்கப்பட்டபோது, அவற்றை ஏற்கெனவே யாரோ பயன்படுத்திக்கொண்டிருந்தார்கள். விண்டோஸுக்குள் லினக்ஸ் கட்டளைகளை ஓட்டும் டபிள்யூ.எஸ்.எல் வசதியிலும் உங்கள் சி டிரைவ் திறந்தே இருக்கும். இணையத்தில் பார்த்த கட்டளையை அப்படியே அங்கே ஒட்டுவது, முன்பின் தெரியாதவரிடம் வீட்டுச் சாவியைக் கொடுப்பதற்குச் சமம்.

டவுன்லோடிலேயே தொடங்கும் சிக்கல்

2016 பிப்ரவரி 20-ல் லினக்ஸ் மின்ட்டின் இணையதளத்தையே ஹேக் செய்து, டவுன்லோடு லிங்க்கைத் திருத்தி, பின்கதவு வைத்த ஐ.எஸ்.ஓ ஃபைலை மாட்டிவிட்டார்கள். அதிகாரபூர்வ தளத்தில் டவுன்லோடு செய்தவர்களே ஏமாந்தார்கள். அதனால்தான் டவுன்லோடு செய்த ஃபைலின் எஸ்.ஹெச்.ஏ-256 எண்ணையும் டிஜிட்டல் கையெழுத்தையும் சரிபாருங்கள் என்று ஒவ்வொரு லினக்ஸ் தளத்திலும் சொல்கிறார்கள்.

அதைவிடப் பெரிய ஆபத்து நம்மூர்ப் பழக்கத்தில் இருக்கிறது. 'கே.எம்.எஸ் ஆக்டிவேட்டர்' என்று ஒரு குட்டி ஃபைல். விண்டோஸையும் ஆபீஸையும் காசில்லாமல் ஆக்டிவேட் செய்ய, "ஆன்டிவைரஸை ஆஃப் பண்ணிட்டு அட்மினா ரன் பண்ணுங்க" என்பார்கள். தெருக்கதவு வரை மாற்றத் தேவையான உரிமை அந்த ஒரு கிளிக்கில் போய்விடுகிறது. பிளாக்லோட்டஸ் உங்கள் வீட்டுக்கு வருவதைவிட, இந்த வழியாகப் பாஸ்வேர்டு திருடும் மால்வேர் வருவதற்கான வாய்ப்பு பல மடங்கு அதிகம்.

சரி, என்னதான் பண்ணணும்?

* முடிந்தால் இரண்டு ஓ.எஸ்ஸுக்கும் தனித்தனி எஸ்.எஸ்.டி. ஒன்றில் இன்ஸ்டால் செய்யும்போது மற்றதைக் கழற்றிவிட்டால், பூட் ஃபைல்களும் தனித்தனியாகவே இருக்கும்.

* பிட்லாக்கர் போட்டிருந்தால், அதன் ரெக்கவரி கீயை முதலில் பேப்பரில் எழுதி வையுங்கள். உங்கள் விண்டோஸில் பிட்லாக்கர் வசதி இருந்தால் பயன்படுத்துங்கள். லினக்ஸ் இன்ஸ்டால் செய்யும்போது 'என்கிரிப்ட்' ஆப்ஷனைத் தேர்ந்தெடுங்கள். என்கிரிப்ஷன், தூங்குகிற ஓ.எஸ்ஸின் ஃபைல்களைப் படிக்க விடாது. ஆனால், அழிப்பதைத் தடுக்காது. அதற்கு பேக்கப்தான் வழி.

* செக்யூர் பூட் ஆனில் இருக்கிறதா என்று பாருங்கள். விண்டோஸில் 'சிஸ்டம் இன்ஃபர்மேஷன்' பக்கத்தில் தெரியும். பயாஸ் அப்டேட்டையும் போடுங்கள்.

* விண்டோஸ் 10-தான் என்றால், நீட்டிக்கப்பட்ட பாதுகாப்பு அப்டேட் திட்டத்தில் சேர்ந்தால் 2026 அக்டோபர் 13 வரை அவகாசம் உண்டு. செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட் பக்கத்திலேயே அதற்கான வழி இருக்கிறது. அதன்பிறகும் அந்த விண்டோஸ் வேண்டும் என்றால், இணையம் இல்லாமல் மட்டும் பயன்படுத்துங்கள்.

* மாதம் ஒரு நாள் இரண்டு ஓ.எஸ்ஸையும் ஆன் செய்து அப்டேட் பண்ணுங்கள். நெட் பேங்கிங்குக்கு ஒரே ஓ.எஸ்ஸைப் பயன்படுத்துங்கள். பிள்ளைகள் கேம் டவுன்லோடு செய்யும் ஓ.எஸ்ஸில் அது வேண்டாம்.

* விர்ச்சுவல் மெஷினில் சந்தேகமான ஃபைலைத் திறப்பதாக இருந்தால், ஷேர்டு ஃபோல்டர், கிளிப்போர்டு, நெட்வொர்க் மூன்றையும் முன்பே நிறுத்திவிடுங்கள்.

* முக்கியமான ஃபைல்களின் ஒரு காப்பி, கம்ப்யூட்டரில் இணைக்காத எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் இருக்கட்டும். வேலை முடிந்ததும் அதைக் கழற்றிவிட வேண்டும்.

பிட்லாக்கர் திடீரென ரெக்கவரி கீ கேட்டாலோ, ஆன் ஆகும் திரை மாறியிருந்தாலோ உடனே ஃபார்மட் அடிக்க ஓடாதீர்கள். அப்டேட்டுக்குப் பிறகும் இப்படி நடக்கும். வேறு நல்ல கம்ப்யூட்டரில் தயாரித்த லைவ் யு.எஸ்.பி மூலம் லினக்ஸை ஏற்றி, ஃபைல்களை காப்பி எடுத்து, டிஸ்க்கை ஸ்கேன் செய்யுங்கள். இங்கே அந்த 'தூக்கம்' நமக்குச் சாதகம். விண்டோஸ் ஓடும்போது ஒளிந்துகொள்ளும் மால்வேர், விண்டோஸ் தூங்கும்போது ஓட முடியாது. வெறும் ஃபைலாகச் சிக்கிவிடும். பணம் போயிருந்தால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்கு அழையுங்கள்.

ரெண்டு ஓ.எஸ் வைத்துக்கொள்வதில் தப்பே இல்லை. நன்றாக ஓடும் ஒரு லேப்டாப்பைக் குப்பையில் போடாமல் காப்பாற்றுவது நல்ல விஷயம்தான். ஆனால், போர்ஷன் இரண்டானால் பூட்டும் இரண்டு வேண்டும், தெருக்கதவுக்கு மூன்றாவதும் வேண்டும். இன்றைக்கு ராத்திரி லேப்டாப்பை ஆஃப் செய்யும் முன், நீங்கள் அதிகம் போகாத அந்த இன்னொரு ஓ.எஸ்ஸை ஒருமுறை ஆன் செய்து பாருங்கள். கடைசி அப்டேட் எப்போது நடந்தது என்று அதுவே சொல்லிவிடும்.